ஒரு கதவுக் கட்டடம்

நான் கட்டிய கட்டடத்தை யாராவது குறை சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இது என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் சொல்வதில்லை.

டொக்டர் யோகராணிக்கு அது தெரியாது போலும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்டில் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த தோசையைப் பிய்த்துக்கொண்டே ஒரு குண்டைப் போட்டார்.

“அங்கிள், உங்கட கட்டடத்துக்குச் சனம் வருகினமில்லை.”

எந்தக் கட்டடம்? சிட்னியில் நான் கட்டியவை அனேகம். பரமட்டாவில் நீங்கள் ரயிலை விட்டு இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும், என் கை படாத ஒரு தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்புத் துறைமுகத்தில் ஆணி பொறுக்கி, கப்பலில் தச்சுவேலை பழகி, இந்த ஊரில் சொந்தமாக ஒரு கொம்பனி நடத்துகிறேன். படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

டொக்டர் சொன்னது வடக்குக் கோடியில் போன வருடம் நான் கட்டிய வைத்திய நிலையத்தைப் பற்றி. அவுஸ்திரேலியாவின் உச்சந்தலை அது. அங்கே ஆதிக்குடி மக்களின் ஒரு சின்னக் குடியிருப்பு. செம்மண், கடல், நாய்கள், வாரத்துக்கு ஒரு பிளேன். மழைக்காலம் வந்தால் ரோட்டும் இல்லை.

டொக்டர் இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான வைத்தியர். யாழ்ப்பாணத்தில் பெரிய வீட்டுப் பிள்ளை. ஆனால் தலைக்கனம் கிடையாது. சர்வகலாசாலை ஒன்று அவரை ஒரு ஆராய்ச்சிக்குப் போட்டிருக்கிறது. சிட்னியில் பிறக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் வைத்தியம் வடக்குக் கோடியில் பிறக்கும் பிள்ளைக்கும் கிடைக்கிறதா, இல்லையா?

“இதுக்கு ஒரு ஆராய்ச்சியே? கிடைக்கேல்லை எண்டு நானே சொல்லிவிடுவன்!” என்றேன்.

“கிடைக்கேல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும் அங்கிள். ஏன் எண்டதுதான் தெரியாது.”

பிறகு விளக்கினார். முன்பு அங்கே இருந்தது நாலு தூண், மேலே ஓலை, அவ்வளவுதான். புழுதி பறக்கும், நாய் படுத்திருக்கும். ஆனாலும் சனம் வந்தது. இப்போது ஃபேன், உட்கார வாங்கு, சிங்க், பூட்டுப் போட்ட மருந்து அலுமாரி எல்லாம் இருக்கிறது. சில பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்!

எனக்குத் தோசை இறங்கவில்லை.

“நீங்கள் எப்ப போறியள்?”

“அடுத்த கிழமை.”

“நானும் வாறன்.”

மனைவி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். “உங்களை ஆர் கூப்பிட்டது?”

என் கட்டடம் கூப்பிட்டது என்று சொன்னேன்.

* * *

புதன்கிழமை ரோட்டு வழியாகப் போய் இறங்கியதும் முதல் வேலையாகக் கட்டடத்தைச் சுற்றி வந்தேன். ஒரு ஆணி அசையவில்லை. மழைக்காலம் முழுக்க அடித்த காற்றுக்கு ஒரு தகரம் எழும்பவில்லை. புழுதியும் நாயும் உள்ளே வராதபடி ஒரே ஒரு கதவுதான் வைத்திருந்தேன். அது குழந்தையின் விரல் பட்டாலே திறக்கும், அப்படி ஒரு நயம். பிறகு என்ன குறை?

உள்ளே இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஒருவர் மெல்பேர்னில் இருந்து புதிதாக வந்த வெள்ளைக்காரச் சிஸ்டர். விடியற்காலை தொடங்கி ஓடிக்கொண்டே இருக்கும் மனுசி. மற்றவன் டேவிட். அந்த ஊர்க்காரன், தலை நரைக்கத் தொடங்கிய ஆள். சுகாதார ஊழியனாகப் பயிற்சி பெற்றவன். சனத்தின் பாஷை அவனுக்குத்தான் தெரியும். அவன் இல்லாவிட்டால் சிஸ்டர் ஊமை.

சிஸ்டர் டொக்டரிடம் முதலில் சொன்னது நான்சியைப் பற்றித்தான்.

நான்சிக்கு ஏழு வயது இருக்கும். முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்து, அது இருதயத்தைத் தொட்டுவிட்ட பிள்ளை. மாதம் தவறாமல் ஒரு பென்சிலின் ஊசி போட வேண்டும். தவறினால் திரும்பக் காய்ச்சல் வரும். இருதயத்தின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். “சிட்னியில டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையளுக்கு இந்த வருத்தக்காரரைக் காட்டத் தேடித் திரியவேணும் அங்கிள். இங்க தேடத் தேவையில்லை” என்றார் டொக்டர்.

பழைய ஓலைக் கொட்டில் இருந்த காலத்தில் தாய் ஒழுங்காகக் கூட்டி வந்தாளாம். புதிய கட்டடம் வந்ததில் இருந்து வருவதில்லை. சிஸ்டர் வாகனத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போயிருக்கிறார். டேவிட் பக்கத்தில் இருப்பதைக் கண்டதும் தாய் பிள்ளையோடு பின்னால் இறங்கிப் போய்விடுவாளாம்.

“அவளுக்கு அக்கறை இல்லை” என்றார் சிஸ்டர். கோபமாக அல்ல, களைத்துப் போய். “இனி என்னால் பொறுக்க முடியாது. வெள்ளிக்கிழமை பிளேனில் பிள்ளையை நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். அங்கே விடுதியில் இருக்கட்டும். ஊசியாவது ஒழுங்காகப் போடுவார்கள். நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.”

எவ்வளவு காலத்துக்கு என்று டொக்டர் கேட்டார்.

மாதா மாதம் போடும் ஊசி... அது பெரிய பிள்ளையாகும் வரைக்கும் போகும்.

இந்த மக்களுடைய பிள்ளைகளைப் பிளேனில் ஏற்றிக் கொண்டுபோன கதை இந்த நாட்டில் புதிது அல்ல. ஏற்றிய பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வரவும் இல்லை. டொக்டர் பேனையை எடுத்தார், மூடினார். “நாளைக்குப் பாப்பம்” என்றார்.

* * *

அடுத்த நாள் வியாழக்கிழமை. மத்தியானம் நானும் டொக்டரும் படியில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

வேலிக்கு அப்பால் ஒரு மரத்தடியில் நான்சியும் தாயும் நின்றார்கள். தாய்க்கு இருபத்தைந்து வயதுகூட இராது. அக்கறை இல்லாதவள் எதற்காக வெயிலில் வந்து நிற்கிறாள்? பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கட்டடத்தை நோக்கி வந்தாள். பாதி வழி வந்தபோது டேவிட் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

அவ்வளவுதான். அவள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டாள். டேவிட்டும் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான்.

வாசகர்களே, உங்களில் பலருக்கு யாழ்ப்பாணத்தில் என் ஊர் தெரியும். என் வீடு ஊரின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் தெரியும். தேத்தண்ணீர்க் கடையில் எனக்கு வாங்கு கிடையாது. மற்றவர்கள் உள்ளே கிளாசில் குடிக்க, வெளியில் குந்தியிருந்து போத்தலில் குடித்தவன் நான். எனக்கு எதிரே வந்தவர்கள் இப்படித்தான் முகத்தைத் திருப்பினார்கள். நானும் இப்படித்தான் வழி விட்டு விலகினேன். எனக்கா தெரியாது?

“பாத்தியளே டொக்டர்? இங்கயும் இருக்கு!”

டொக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஓம் அங்கிள். நானும் அதைத்தான் நினைச்சன்.”

எத்தனையோ தடவை அவர் என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார், நான் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். இந்தப் பேச்சை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் தொட்டதே இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

“நான் போத்தலில குடிச்சவன்” என்றேன்.

“தெரியும் அங்கிள்.” மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எங்கட வீட்டுப் பின்வளவில உங்கட ஆக்கள் தண்ணி குடிக்கவெண்டு வேறயா ஒரு சிரட்டை தொங்கினது. நான் சின்னப் பிள்ளையில அதை எடுத்து விளையாடி அடி வாங்கினனான்.”

நான் எழும்பினேன்.

“எங்க போறியள்?”

“நான் கட்டின கட்டடத்துக்கு வெளியில ஒருத்தரும் நிக்கப்படாது!”

டொக்டர் தடுக்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் — அதையும் எழுதத்தான் வேண்டும். அவருக்கு வெட்கம், எனக்குக் கோபம். இரண்டும் சேர்ந்து ஒரே வேலையில் இறங்கின.

நேரே மரத்தடிக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “வா தங்கச்சி, என்ர கட்டடம் அது, ராணி மாதிரி இருக்கலாம்” என்றேன். நான்சியின் கையைப் பிடித்து நடந்தேன். பிள்ளையின் கை என் கையில் இருந்ததால் தாயும் நிலத்தைப் பார்த்தபடி பின்னாலேயே வந்தாள். உள்ளே கொண்டுபோய் நடு அறையில் ஒரு கதிரையைப் போட்டேன்.

“டேவிட்! வெளியில வா! வந்து இவவுக்கு வணக்கம் சொல்லு!”

அலுமாரிக்குப் பின்னால் குனிந்திருந்த டேவிட் நிமிர்ந்தான். அவளைக் கண்டான்.

இப்படி ஒரு பயத்தை நான் ஒரு பெரிய மனுசன் முகத்தில் கண்டதில்லை. வாசலைப் பார்த்தான், வாசலுக்கும் அவனுக்கும் நடுவில் அவள். ஒரே பாய்ச்சலாக ஜன்னலுக்கால் வெளியே விழுந்தான்! சட்டை கொழுவிக் கிழிந்தது. (ஜன்னலை அகலமாகத்தான் போட்டிருந்தேன். வேறு யாராவது கட்டியிருந்தால் நடுவில் சிக்கியிருப்பான்.)

தாய் நிலத்தில் குந்தி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வெளியில் பெண்கள் கூக்குரல் போட்டார்கள். ஒரு மூத்த பெண் உள்ளே வந்து தாயையும் பிள்ளையையும் அணைத்துக் கூட்டிப் போனாள். போகும்போது என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். பாஷை விளங்கவில்லை. ஆனால் வாழ்த்து இல்லை என்பது விளங்கியது.

சிஸ்டர் ஓடி வந்தார். “என்ன செய்தீர்கள்?”

நல்லதைச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

* * *

டேவிட் தூரத்தில் பெற்றோல் பீப்பாக்களுக்குப் பக்கத்தில் கட்டடத்துக்கு முதுகு காட்டி இருந்தான். டொக்டர் போய் அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். நெடுநேரம் மூவரும் கடலைப் பார்த்தோம். பிறகுதான் டொக்டர் கேட்டார்: “டேவிட், நாங்கள் என்ன பிழை விட்டோம்?”

அவன் சொன்ன இங்கிலீஷை எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

“அவ எனக்கு மாமி முறை.”

நான் சிரித்துவிட்டேன். “ஆர்? அந்தச் சின்னப் பெட்டையோ? உனக்குத் தலை நரைச்சுப்போச்சு!”

“என்ர பெண்சாதியின்ர தாய்க்கு அவ கடைசித் தங்கச்சி. அப்ப எனக்கும் மாமிதானே? மாமிக்கு முன்னால ஒரு கூரைக்குக் கீழ நிக்கப்படாது. முகத்தைப் பாக்கப்படாது. பேரைச் சொல்லப்படாது. அவவும் எனக்கு முன்னால வரமாட்டா.”

“ஏன், கோபமோ?”

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். “கோபமோ? மரியாதை! அதைவிடப் பெரிய மரியாதை எங்களிட்ட இல்லை.”

வாசகர்களே, மாமி என்றால் என்ன என்று எனக்கா விளக்க வேண்டும்? என் மாமியார் கண்மூடும்வரை என்னோடு கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினார். “அவரைச் சாப்பிட வரச் சொல்லு” என்று பக்கத்தில் நிற்கும் மகளிடம் சொல்லுவார். அது எனக்குச் சொன்னது. அப்படி ஒரு மாமி வாய்த்த எனக்கு, இந்த மாமியைக் கண்டதும் போத்தல்தான் ஞாபகம் வந்தது. தூரத்தில் ஒருத்தர் நின்றால் தள்ளி வைக்கப்பட்டவர் என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் படுகிறது. தள்ளி நின்றவனுக்கும் அப்படி, தள்ளி வைத்த வீட்டுப் பிள்ளைக்கும் அப்படி. எங்கள் ஊர் எங்களுக்குப் போட்டுவிட்ட கண்ணாடி அது.

“பழைய கொட்டிலில நாலு பக்கமும் திறப்பு” என்றான் டேவிட். “அவ கடற்கரைப் பக்கத்தால வருவா. நான் ரோட்டுப் பக்கம் போயிடுவன். ஒரு கரைச்சலும் இல்லை. நீ வந்து சுவர் வைச்சாய். ஒரு கதவு வைச்சாய்.”

“ஏன் சிஸ்டருக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டார் டொக்டர்.

“எப்பிடிச் சொல்லுறது? மாமியின்ர கதையை நான் கதைக்கவே கூடாது; இண்டைக்கு வேற வழியில்லாமச் சொல்லுறன். ஊசி போடுற நாளில எல்லாம் மீன் பிடிக்கப் போகவேணும், லீவு தா எண்டு கேட்டனான். சோம்பேறி எண்டு பேசிப்போட்டு சிஸ்டர் என்னை இங்கயே நிப்பாட்டி வைச்சா.”

டொக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஆராய்ச்சிக்கு வந்தவருக்கு அந்த ‘ஏன்’ கிடைத்துவிட்டது. ஆனால் பிளேன் நாளைக்கு. தாயோ எந்த வீட்டுக்குள் போய் ஒளிந்தாளோ தெரியாது. ஊருக்கு முன்னால் அவளை நிலத்தில் குந்த வைத்த மனுசன் கட்டிய இடத்துக்கு இனி வருவாளா?

மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்கு யாரும் பழக்கவில்லை. ஆனால் மரம் அரியும் வாள் பிடிக்கப் பழக்கியிருந்தார்கள்.

“எந்தப் பக்கம் கதவு வெட்ட?” என்று கேட்டேன்.

டேவிட் தலையை ஆட்டினான். “என்னைக் கேளாதை. அவையைக் கேள்.”

டொக்டர் பெண்களிடம் போனார். பாஷை இல்லாமல் அங்கே எப்படிச் சமாளித்தாரோ, வெகுநேரம் கழித்து அந்த மூத்த பெண்ணோடு வந்தார். அவள் கட்டடத்தைச் சுற்றி நடந்து, கடற்கரைப் பக்கச் சுவரில் ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினாள். மறைப்பு வேண்டும் என்று கையால் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்து மறுபடியும் நீளமாகப் பேசினாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முன்பக்கத்துக்கு ஒதுங்கிவிட்ட டேவிட்டிடம் போய், “என்னடா சொன்னா?” என்று கேட்டேன்.

“அவதான் என்ர சொந்த மாமி. அவ சொன்னதை நான் திருப்பிச் சொல்லேலாது” என்றான். முகம் முழுக்கச் சிரிப்பு.

நான் சட்டையைக் கழற்றினேன். அந்தச் சுவரை நானே நிறுத்தியவன். புயலுக்கும் அசையக்கூடாது என்று நிறுத்தியவன். அதை வெட்ட நானே பட்ட பாடு! அனுமதி யாரிடம் வாங்கினாய் என்று கேட்காதீர்கள். சிஸ்டர் முதலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். டொக்டர் விசயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துப்போய், உள்ளே போய் மறுபக்கத்தால் பலகையைப் பிடித்துக்கொண்டார். பொழுது சாயுமுன் கதவைப் பொருத்தி, நெளிதகரத்தில் மறைப்பும் வைத்துவிட்டேன். நடு அறையிலும் ஒரு தட்டி. முன்பக்கம் இருப்பவருக்குப் பின்பக்கம் தெரியாது.

இதை வேறு எவனாவது அரை நாளில் செய்யட்டும், என் கொம்பனியை எழுதிக் கொடுக்கிறேன்.

* * *

வெள்ளிக்கிழமை காலை. டொக்டர் பேனையை மேசையில் வைத்திருந்தார். சிஸ்டர் ஊசியை வைத்திருந்தார். நான் ஒன்றும் வைத்திருக்கவில்லை; நகம் கடித்தேன்.

பிளேன் வந்து இறங்கியது. தபாலை இறக்கினார்கள். பைலட் வந்து, “ஒரு பிள்ளை ஏறுகிறதாமே, எங்கே?” என்றார்.

சிஸ்டர் கடற்கரைப் பக்கக் கதவைப் பார்த்தார்.

டேவிட் முன்பக்கப் படியில் இருந்தான். திடீரென்று ஒரு தகர வாளியை எடுத்துத் தடியால் டங் டங் என்று அடித்தான். இவனுக்கு விசர் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது — நான் இந்தப் பக்கம் இருக்கிறேன், நீங்கள் பயமில்லாமல் வாருங்கள் என்று அவன் தன் மாமிக்குச் சொல்கிறான். பேர் சொல்லாமல், முகம் பாராமல்.

கடற்கரைப் பக்கம் கதவு அசைந்தது. குழந்தையின் விரல்தான் முதலில் தெரிந்தது. பின்னால் தாய்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவு நிலையில் கையை வைத்து, பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு வாங்கில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் குப்புறப் போட்டாள்.

நான்சி போட்ட சத்தம் பிளேன் சத்தத்தை மறைத்தது. முன்பக்கத்தில் டேவிட் வாளியை இன்னும் பலமாக அடித்தான்.

டொக்டர் பேனையை எடுத்துப் பைக்குள் போட்டார். அடுத்த மாதமும் ஊசி போட வருவாளா என்று சிஸ்டரைக் கேட்டார். சிஸ்டர் மறைப்புக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “வேறு நாலைந்து பெண்கள் பிள்ளைகளோடு நிற்கிறார்கள், முதலில் அவர்களைப் பார்ப்போம்” என்றார். அப்படியானால் அக்கறை இல்லாதவர்கள் இத்தனை பேரா? எத்தனை மாமிமாரை நான் வெளியில் நிறுத்தி வைத்திருந்தேனோ!

பத்து மணிக்கு நாங்கள் பிளேனில் ஏறினோம். நான்சிக்காக ஒதுக்கிய சீட் எனக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்தது. என் வாளும் உளியும் கிடந்த பையை அதில் வைத்தேன்.

“என்ன அங்கிள், சீட்டையே பாத்துக்கொண்டு வாறியள்?” என்றார் டொக்டர்.

நான் கட்டியவை அனேகம். ஆள் இல்லாத ஒரு இடத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான். இதை எப்படி வாயால் சொல்ல? “வாள் பத்திரமா வருகுதோ எண்டு பாத்தனான்” என்றேன்.

டொக்டர் எட்டி, அந்தப் பைக்குப் பெல்ட் போட்டுவிட்டார்.